அக்கா கேட்ட ஜோடிப் படம்

மாப்பிள்ளை மிருதுளாவின் இடுப்பு உயரத்துக்குத்தான் வந்தான்.

யக்ஞநாராயணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் மானிட்டரைப் பார்த்தார். மாற்றம் ஒன்றுமில்லை. இடது பக்கம் வெள்ளைச் சட்டையில் பையன் ஷ்யாம்சுந்தர். வலது பக்கம் பச்சைப் பட்டுப்புடவையில் அவர் பெண் மிருதுளா. பையனைப் பார்த்தால் கல்யாணத்துக்கு நிற்கிறவன் மாதிரி இல்லை. எல்.கே.ஜி. சேர்க்க அழைத்துப் போகிற குழந்தை மாதிரி இருந்தான்.

"ஏன்னா, காபி ஆறிப் போறது."

பின்னால் வந்த மனைவி திரிபுரசுந்தரி மானிட்டரை எட்டிப் பார்த்தாள். கொண்டுவந்த காபியைக் கொடுக்க மறந்து நின்றாள்.

"என்ன பண்ணிண்டிருக்கேள்?"

"ஒட்டறேன்."

"எதை?"

"இவா ரெண்டு பேரையும்தான். பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரே படமா."

"எதுக்குன்னா? அது பாட்டுக்குத் தனித்தனியா இருக்கட்டுமே!"

"எனக்கு மட்டும் ஆசையா? அக்கா கேக்கறாளே!"

அக்கா என்றால் நங்கநல்லூர் அபிதகுஜாம்பாள். யக்ஞநாராயணன் மறைமலை நகரில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் பர்ச்சேஸ் அதிகாரி. அவர் கையெழுத்துக்காக லாரிகள் வாசலில் காத்து நிற்கும். ஆனால் வீட்டில் ஒரு மிக்சி வாங்குவதானாலும் அக்காவின் ஒப்புதல் வேண்டும்.

ஷ்யாம்சுந்தரின் ஜாதகத்தைத் தரகர்தான் கொண்டுவந்தார். பெருங்களத்தூரில் வீடு, கூடுவாஞ்சேரியில் வங்கி வேலை. பொருத்தமெல்லாம் பிரமாதம். அதைவிட ஆச்சரியம், மிருதுளா சம்மதித்தது. வந்த பையன்களில் ஒருவனுக்குக் காது பெரிசு, இன்னொருவனுக்குக் கையெழுத்து சரியில்லை, வேறொருவன் ஈமெயிலில் கொட்டாவி விடுகிறான் என்று தட்டிக்கழித்துக்கொண்டே வந்தவள், இந்தப் போட்டோவை ஒரு நொடி பார்த்துவிட்டு, "உன் இஷ்டம்ப்பா" என்றாள். அந்த அதிர்ச்சியில் யக்ஞநாராயணன் அன்றைக்கு ஆபீசுக்கு லீவு போட்டார்.

அக்காதான் போனில் முட்டுக்கட்டை போட்டாள்.

"ஜாதகம் கிடக்கட்டும்டா. ஜோடிப் பொருத்தம் பாத்தியா? நம்ம சித்தப்பா பொண்ணு கல்யாணத்துல என்ன ஆச்சு? மணையில உக்காந்தப்புறம் பொண்ணுக்குப் பக்கத்துல மாப்பிள்ளையைத் தேட வேண்டியிருந்தது."

"அவாளைப் பொண்ணு பாக்க வரச்சொன்னா நேர்லயே பாத்துடலாமே அக்கா?"

"வந்து பஜ்ஜி சாப்ட்டுட்டுப் போனவாகிட்ட வேண்டாம்னு சொல்றது பாவம். முதல்ல ரெண்டு பேரையும் பக்கத்துல நிக்க வெச்ச மாதிரி ஒரு படம் பண்ணிக் காட்டு. கம்பெனில கம்ப்யூட்டர் ட்ரெயினிங் போனேன்னு அளந்தியே, அதுக்கு எதுக்காவது பிரயோஜனம் இருக்கட்டும்!"

அதனால்தான் இந்தப் பாடு. ஆபீஸ் ஸ்கேனரில் பையனை ஒரு நாளும் பெண்ணை இன்னொரு நாளுமாக ஸ்கேன் செய்து எடுத்து வந்திருந்தார். எந்தப் பொத்தானை எப்போது அழுத்தினாரோ, பெண் பெரிதாகவும் பையன் சிறிதாகவும் வந்து தொலைந்திருந்தார்கள்.

ஆபீஸ் நண்பர் கொடுத்த போட்டோஷாப் இருக்கும்போது பயமென்ன? பையனின் தலைப்பக்கத்தை மவுசால் பிடித்து மேலே இழுத்தார். பையன் வளர்ந்தான். இன்னும் இழுத்தார். மிருதுளாவுக்கு ஒரு சாண் மேலே போய் நின்றான். திருப்தியாகப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, மறுநாள் மாலை பழவந்தாங்கலில் ரயில் இறங்கி அக்கா வீட்டுக்குப் போனார்.

அபிதகுஜாம்பாள் படத்தைக் கையில் வாங்கியதும் "ஐயோ!" என்றாள்.

"என்னக்கா?"

"என்னடா இது, முருங்கைக்காய்க்குச் சட்டை போட்டாப்ல இருக்கான்? கன்னம் ஒட்டி, மூஞ்சி நீண்டு... டி.பி. வியாதியா?"

"இல்லக்கா, அது நான் இழுத்தது. உசரம் பத்தலைன்னு..."

"உசரம் வேற பத்தலையா?"

வாயை விட்டது தப்பாயிற்று. அவர் வீடு வந்து சேர்வதற்குள் அக்கா போன் போட்டுத் திரிபுரசுந்தரியிடம், "பையன் சீக்காளியாமே? உசரமும் கம்மியாம். உன் ஆத்துக்காரனே ஒத்துண்டான்" என்று சொல்லிவிட்டாள்.

"நான்தான் அப்பவே சொன்னேனே, ஒட்டாதேள்னு," என்று திரிபுரசுந்தரி தலையில் அடித்துக்கொண்டாள். மிருதுளா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

யக்ஞநாராயணன் சோர்ந்துவிடவில்லை. உயரம் இழுத்ததால் வந்த கோளாறு, அகலம் இழுத்தால் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டார். இந்த முறை பக்கவாட்டில் இழுத்தார். மவுஸ் கொஞ்சம் வழுக்கிவிட்டது. பையன் தவில் மாதிரி பூரித்து, மிருதுளாவின் வலது காதை மறைத்துக்கொண்டு நின்றான். பிரிண்டரில் மசி தீர்ந்துவிட்டதால் அதையே அக்காவிடம் கொண்டுபோனார்.

அபிதகுஜாம்பாள் இந்தப் படத்தையும் பழைய படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"நாலே நாள்ல இப்படிப் பெருத்துட்டானா? டேய் யக்ஞு, இது நல்ல உடம்பு இல்லடா. இளைக்கறான், பெருக்கறான். ஒரு நிலையில நிக்காத பையனை நம்பிக் குழந்தையைக் குடுக்கலாமா? வேற இடம் பாரு."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் மிருதுளா தட்டை நகர்த்திவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனாள். பெண்ணுக்கு இவ்வளவு ரோஷம் எங்கிருந்து வந்தது என்று யக்ஞநாராயணனுக்குப் புரியவில்லை. ஆனால் மனசு கேட்கவில்லை.

"நாளைக்கே தாம்பரத்துல ஸ்டூடியோவுல குடுத்துப் பண்ணிடறேன். தொழில் தெரிஞ்சவன்கிட்ட போயிருக்கணும் முதல்லயே."

"ஸ்டூடியோவுக்கா?" திரிபுரசுந்தரி அவசரமாகக் குறுக்கிட்டாள். "அங்கெல்லாம் வேண்டாம்னா. உத்து உத்துப் பாப்பா. நானே அக்காகிட்ட பேசறேன்."

"நீ பேசி அக்கா கேட்டிருக்காளா இதுவரைக்கும்?"

திரிபுரசுந்தரி மிருதுளாவின் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மேற்குத் தாம்பரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருந்தது 'ஜெயஸ்ரீ டிஜிட்டல்ஸ்'. முதலாளி, போட்டோகிராபர், ஆபரேட்டர் எல்லாமே மதியழகன்தான்.

"இன்னா சார் வோணும்? பாஸ்போர்ட்டா, ஸ்டாம்ப் சைஸா?"

"இந்த ரெண்டையும் சேத்து ஒரே படமாக்கணும். பையன் குள்ளமாவும் தெரியப்படாது, குண்டாவும் தெரியப்படாது."

"இவ்ளோதானா? இதுக்கா மூஞ்சிய இப்டி வெச்சிக்கினு வந்தே?"

மதியழகன் இரண்டு போட்டோவையும் தன் ஸ்கேனரில் ஒன்றாக வைத்தான். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு இரண்டு முறை மவுசைத் தட்டியதோடு சரி. கையை எடுத்துவிட்டுத் திரையையே பார்த்தான்.

"இன்னாச்சு?" என்று யக்ஞநாராயணன் அவன் பாஷையிலேயே கேட்டுவிட்டார்.

"முட்ச்சிட்ச்சு சார். நான் ஒண்ணியுமே பண்ல. பக்கத்துல வெச்சேன், கப்புனு குந்திக்கினாங்க. வெளிச்சம், கலரு, உசரம் எல்லாம் ஒத்துக்கினு கீது. இந்த மாரி ஜோடி நம்ம சர்வீஸ்லயே பாத்ததில்ல!"

யக்ஞநாராயணன் பார்த்தார். அவருக்கு உடம்பு சிலிர்த்தது. பையன் பெண்ணைவிட நாலு விரல்கடை உயரம். சிரிப்பில்கூட ஒரு பொருத்தம். இவன் எதற்குச் சிரிக்கிறானோ அதற்கே அவளும் சிரிக்கிற மாதிரி இருந்தது.

"தெய்வ சங்கல்பம்," என்றார்.

நங்கநல்லூரில் அக்கா அந்தப் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இது ஜோடி! உடம்பும் தேறிட்டான் பாரு! வர ஞாயித்துக்கிழமை அவாளை வரச்சொல்லு. நானும் வரேன்."

மிருதுளா அன்றைக்கு இரண்டு தரம் ரசம் போட்டுச் சாப்பிட்டாள்.

அடுத்த அதிர்ச்சி ஆபீசில் காத்திருந்தது. ஸ்டோர்ஸ் தனசேகர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தான்.

"இத்தனை வருஷம் ஒண்ணா வேலை பாக்குறோம். பத்திரிகை வைக்கலேன்னாலும் வாயால ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் சார்."

"எதுக்கு?"

"உங்க பொண்ணு கல்யாணத்துக்குத்தான்! பொண்ணும் மாப்பிள்ளையும் மாலையும் கழுத்துமா தாம்பரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல நிக்கிறாங்களே!"

"பஸ் ஸ்டாண்ட்ல எதுக்குய்யா நிக்கறா?"

"நேர்ல இல்ல சார். ஃப்ளெக்ஸ் போர்டுல!"

பெர்மிஷன் போட்டுவிட்டு யக்ஞநாராயணன் பறந்தார். ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி நிமிர்ந்ததும் அப்படியே நின்றுவிட்டார். ஜெயஸ்ரீ டிஜிட்டல்ஸ் மாடிமேல் லாரி அகலத்துக்கு ஒரு போர்டு. அதில் அவருடைய பெண். பக்கத்தில் ஷ்யாம்சுந்தர். இரண்டு பேர் கழுத்திலும் ஆளுயர ரோஜாமாலை. 'உங்கள் இல்லத் திருமண ஆல்பங்களுக்கு அணுகவும்.' கீழே வேர்க்கடலை வாங்கிக்கொண்டிருந்தவர்களெல்லாம் அவர் பெண்ணைப் பார்த்தபடி கொறித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரைக் கேட்டுப் போட்டே?" கடைக்குள் நுழையும்போதே கத்தினார்.

"நல்லா கீதுல்ல சார்? மாலை மட்டும் நம்மளுது. மத்ததெல்லாம் உங்குளுது."

"அடப்பாவி! என் பொண்ணுக்கு இன்னும் நிச்சயமே ஆகலைய்யா! அந்தப் பையனை அவ பாத்ததுகூடக் கிடையாது. மாலையைப் போட்டு ஊருக்கே காட்டிட்டியே! எடு, இப்பவே எடு!"

மதியழகன் உண்மையிலேயே ஆடிப்போய்விட்டான். "தெரியாம செஞ்சிட்டேன் சார். ஆனா போர்டே இல்லாம போனா கடை மூடிட்டேன்னு நெனச்சிக்குவாங்க."

"உன் போர்டு எப்படியோ போகட்டும். சாயங்காலத்துக்குள்ள அதுல என் பொண்ணு இருக்கப்படாது!"

"உங்க பொண்ணு இருக்கக்கூடாது. அவ்ளோதானே? முட்ச்சிர்றேன் சார்."

மறுநாளிலிருந்து யக்ஞநாராயணன் கம்பெனி பஸ்ஸில் எதிர்ப்பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் ஸ்டாண்ட் வரும்போதெல்லாம் கண்ணை மூடி விஷ்ணு சகஸ்ரநாமம் சொன்னார். அந்தத் திசையைப் பார்த்தாலே யாராவது துக்கமோ சந்தோஷமோ விசாரிப்பார்கள் என்று பயம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சிட்லபாக்கம் வீட்டில் ஜமக்காளம் விரித்தாயிற்று, கேசரி கிளறியாயிற்று, பஜ்ஜிக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அபிதகுஜாம்பாள் நடுநாயகமாக சோபாவில் உட்கார்ந்திருந்தாள்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பையனின் அப்பா பஞ்சாபகேசனும் அவர் மனைவியும் மட்டும் உள்ளே வந்தார்கள். பூவும் இல்லை, பழமும் இல்லை. பஞ்சாபகேசன் உட்காரவேயில்லை. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்களை மன்னிக்கணும். இந்தச் சம்பந்தம் நடக்காது."

"ஏன்?" என்றார் யக்ஞநாராயணன்.

"எங்க பையனுக்கு... கல்யாணம் ஆயிடுத்து."

உள்ளே பஜ்ஜிக் கரண்டி தரையில் விழுந்தது. அடுத்த விநாடி மிருதுளா பாதி பின்னிய ஜடையோடு கூடத்துக்கு ஓடிவந்தாள்.

"ஷ்யாமுக்கா? யாரோட? எப்போ? முந்தாநாள் வரைக்கும்கூட..."

சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"முந்தாநாள் வரைக்கும்கூட நல்லபடியா இருந்த சம்பந்தமாச்சேங்கறா," என்று யக்ஞநாராயணன் எடுத்துக்கொடுத்தார். "குழந்தை மனசு உடைஞ்சு போச்சு பாருங்கோ."

"இப்பத்தானேடா உடம்பு தேறினான்? அதுக்குள்ள கல்யாணமா?" என்றாள் அபிதகுஜாம்பாள்.

பஞ்சாபகேசனுக்கு அது விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளும் நிலையிலும் அவர் இல்லை.

"தாம்பரத்துல பெரிசா போர்டு வெச்சிருக்கா. மாலையும் கழுத்துமா நிக்கறான். பக்கத்துல ஒரு பொண்ணு, ரெட்டை மூக்குத்தி போட்டுண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கறது. என் மச்சினன் பாத்துட்டு வந்து சொன்னான், நான் நம்பலை. நேர்ல போய்ப் பாத்தேன், நம்பித்தான் ஆகவேண்டியிருந்தது. பையனைக் கேட்டா, 'அது யாருன்னே எனக்குத் தெரியாதுப்பா'ங்கறான். தாலி கட்டினவனே தெரியாதுங்கறப்போ நான் யார்கிட்ட போய் முட்டிக்கறது?"

"அவன் எங்கே இப்போ?" என்றாள் அபிதகுஜாம்பாள்.

"ஆட்டோலயே உக்காத்தி வெச்சிருக்கேன். எந்த மூஞ்சியோட உள்ளே கூட்டிண்டு வரது?"

யக்ஞநாராயணனுக்கு வியர்த்துக் கொட்டியது. 'உங்க பொண்ணு இருக்கக்கூடாது, அவ்ளோதானே?' எதைச் சொல்லிவிட்டு வந்தோம் என்று இப்போதுதான் உறைத்தது.

"சார், அது கல்யாணம் இல்லை. கம்ப்யூட்டர்! ரெண்டு படத்தைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒட்டறது!"

"ஆறுதலுக்காகச் சொல்றேள். வேண்டாம்."

"சத்தியமா சார்! இருங்கோ, செஞ்சவனையே கூட்டிண்டு வரேன்!"

செருப்புக்கூடப் போடாமல் ஸ்கூட்டரை உதைத்தார். மதியழகனைக் கடையிலிருந்து கிளப்பி, சி.டி.யோடு பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு திரும்பியபோது, கூடத்தில் இருந்தவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். கேசரி மட்டும் ஆறியிருந்தது.

மதியழகன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படத்தைத் திறந்தான். ஷ்யாம்சுந்தரும் ரெட்டை மூக்குத்திப் பெண்ணும் திரை முழுக்கச் சிரித்தார்கள்.

"இவளேதான்!" என்று பஞ்சாபகேசன் அலறினார். "யாருய்யா இவ?"

"எங்க வூட்டுக்காரி சார். ஜெயஸ்ரீ."

பஞ்சாபகேசனின் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்... பொண்டாட்டியா? என் பையனுக்கு மாலை போட்டுப் பக்கத்துல நிறுத்தினே?"

"பின்ன என்னா சார் பண்றது? இந்த சார் அவுங்க பொண்ண எடுக்கச் சொல்ட்டாரு. எடம் காலியா கீது. வேற வூட்டுப் பொண்ணப் போட்டா அவுங்க அப்பா வந்து கத்துவாரு. அதான் எங்க ஊட்ல கேட்டேன். 'தாராளமா போடு, பையன் பாக்க லட்சணமா கீறான்'னு சொல்லிச்சு."

சொல்லிக்கொண்டே மவுசைத் தட்டினான். ஜெயஸ்ரீ மறைந்தாள். அந்த இடத்தில் மிருதுளா வந்து நின்றாள். பஞ்சாபகேசன் திரைக்கு அருகில் போய், மூக்கு இடிக்கும்படி பார்த்தார்.

"இதுவும் ஒட்டினதா? பக்கத்துல நிக்க வெச்சு எடுத்தாப்லன்னா இருக்கு!"

"இதுவும் ஒட்டினதுதான்!" யக்ஞநாராயணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். மேஜை டிராயரிலிருந்து இரண்டு போட்டோக்களையும் எடுத்து நீட்டினார். "பாருங்கோ. இது தரகர் கொண்டுவந்த உங்க பையன் போட்டோ. இது எங்காத்துப் பொண்ணு போட்டோ. இவ அந்தப் பையனைக் கண்ணால கண்டது கிடையாது!"

மிருதுளா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பஞ்சாபகேசன் போட்டோக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்போடு கண்ணீரும் வந்தது. "பாவம், குழந்தையை ரெண்டு நாளா கரிச்சுக்கொட்டிட்டேனே! ஆட்டோவுல கிடக்கான், கூப்பிடுங்கோ அவனை!"

ஷ்யாம்சுந்தர் உள்ளே வந்தான். கசங்கிய சட்டை. யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி நின்றான். அபிதகுஜாம்பாள் சோபாவை விட்டு எழுந்து அவனை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இளைக்கலை, பெருக்கலை. மிதமா இருக்கான். தட்டை மாத்திக்கோங்கோ," என்று தீர்ப்புச் சொன்னாள்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. பஜ்ஜி சுடச்சுட வந்தது. மதியழகனுக்கும் ஒரு தட்டு வந்தது. கல்யாண ஆல்பம் அவனுக்கே என்று பேச்சாயிற்று, மூக்குத்திக்கார அம்மாளைப் போர்டிலிருந்து உடனே இறக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. தை மாதத்தில் முகூர்த்தம். பஞ்சாபகேசன் கிளம்பும்போது, அந்த ஜோடிப் படத்தில் ஒரு காப்பி தன் வீட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். மிருதுளா வாசல்வரைக்கும் போய் வழியனுப்பினாள். ஆட்டோ தெருமுனை திரும்பியும் உள்ளே வரவில்லை.

யக்ஞநாராயணன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். பெருமை தாங்கவில்லை.

"திரிபுரா! இங்க வந்து பாரேன். எவ்வளவு பெரிசு பண்ணினாலும், ஒட்டின கோடு எங்கயாவது தெரியறதா சொல்லு!"

காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த திரிபுரசுந்தரி நிமிரக்கூட இல்லை.

"எப்படின்னா தெரியும்? தரகர்கிட்ட பாதியைக் குடுக்கறதுக்காக, ஒரே போட்டோவா இருந்ததை ஸ்கேல் வெச்சு ரெண்டா வெட்டினவளே நான்தானே!"